ஊற்று மண்ணுக்குள் ரயில்: சுரங்கப் பாதை எப்படி உருவாகிறது?

கும்பகோணத்திலோ மாயவரத்திலோ ஐப்பசி அடைமழை விட்ட கையோடு கொல்லையில் குழி வெட்டினால், இடுப்பளவு போவதற்குள் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் பக்க மண் தொப்பென்று விழும். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குச் சுரங்க ரயில் என்றதும் வரும் சந்தேகம் நியாயமானது. பூமிக்கடியில் நூறடி ஆழத்தில் வண்டி விடுகிறார்களே, தண்ணீர் உள்ளே வராதா? பாறையைக் குடைந்தால் குடைந்தபடி நிற்கும், சேறும் மணலும் எப்படி நிற்கும்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் சுரங்க ரயிலின் வரலாறு முழுவதும் பிடிபட்டுவிடும். தோண்டுவது அங்கே சின்ன வேலை. தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் தண்ணீரையும் அதனதன் இடத்தில் நிறுத்திவைப்பதுதான் பெரிய வேலை. இந்தியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது ஒரு டெல்டா நகரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கங்கையின் வண்டல் மேல் உட்கார்ந்திருக்கும் கொல்கத்தாவில்தான் அது ஓடியது. ஆகவே இது நமக்கு அந்நியமான கதை அல்ல. ஆனால் கொல்கத்தாவுக்குப் போவதற்கு முன்னால் நம் ஊர்க் கிணற்றுக்குள் ஒருமுறை இறங்கிவிட்டு வருவோம்.

உறை இறக்குவது

கொள்ளிடக்கரை ஊர்களில் உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி முன்பே தெரியும். காவிரிப்பூம்பட்டினம் காலத்திலிருந்து நம் பக்கம் இருக்கிற வித்தை அது. சுடுமண்ணிலோ சிமென்டிலோ செய்த வளையம்தான் உறை. முதல் உறையைத் தரையில் மட்டம் பார்த்து வைப்பார்கள். ஆள் அதற்குள் இறங்கி, உறையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் மண்ணைச் சுற்றிலும் சமமாகச் சுரண்டி எடுப்பார். உறை தன் கனத்திலேயே கீழே இறங்கும். அதன் மேல் அடுத்த உறை. மறுபடி சுரண்டல். ஒரு பக்கம் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் உறை சாய்ந்துகொள்ளும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

கவனிக்க வேண்டிய கட்டம் ஊற்று கண் திறந்த பிறகு வருவது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது, வேலை செய்ய முடியவில்லை, மோட்டார் போட்டு இறைத்துவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அனுபவப்பட்ட கொத்தனார் விடமாட்டார். "எறைக்காதீங்க தம்பி, எறச்சா மணலு பொங்கிரும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கிணற்றுக்குள் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால், வெளியே இருக்கும் தண்ணீர் தன் பாரத்தோடு அடிவழியாக உள்ளே பாயும். வரும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வரும். எடுக்க எடுக்க மணல் வந்துகொண்டே இருக்கும். கிணறு ஆழமாகாது, சுற்றியுள்ள தரைதான் உள்வாங்கும். பக்கத்தில் சுவர் இருந்தால் விரிசல் விடும். அதனால் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, முங்கி முங்கி மணல் அள்ளுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளித் தண்ணீரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கப் பாரமும் சமமாக இருந்தால் மணல் அசையாது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் பத்து டன் பாரம் ஏறும். முப்பது மீட்டர் ஆழத்தில் ரயில் பாதை போட்டால், அதன் சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் மட்டுமே முப்பது டன்னோடு அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்க வட்ட வடிவமே தோது. வட்டத்தைச் சுற்றிலும் அழுத்தினால் அதன் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், இன்றைய சுரங்க ரயில் பாதை என்பது படுக்கவைத்த உறைக்கிணறு.

ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் இந்த அறிவை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனும் இங்கேதான் கற்றார். 1830-களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியவர் அவர். ஆழம் காண முடியாத தளர்ந்த மணலில் அஸ்திவாரம் நிறுத்துவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று எழுதி வைத்திருக்கிறார். டெல்டாப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேம்ஸ் நதியில் ஓர் உறை

உலகில் கப்பல் போகும் ஆறு ஒன்றின் அடியே தோண்டிய முதல் சுரங்கம் லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் இருக்கிறது. மார்க் புரூனெல் என்ற பொறியாளர் 1825-இல் ராதர்ஹைத் கரையில் வேலையைத் தொடங்கினார். ஆற்றங்கரை மண் சரியும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் குழி தோண்டவில்லை. சுமார் ஐம்பது அடி விட்டத்தில் செங்கல் வளையம் ஒன்றைத் தரைமேல் கட்டினார். அடியில் இரும்பு விளிம்பு. உள்ளே இருந்த மண்ணை ஆட்கள் அள்ள அள்ள, அவ்வளவு பெரிய கட்டடமும் தன் பாரத்தில் தானே பூமிக்குள் இறங்கியது. நம் ஊர் உறையேதான், அளவுதான் வேறு.

அங்கிருந்து பக்கவாட்டில் போவதற்கு இரும்பில் ஒரு தடுப்புச் சட்டம் செய்தார். கேடயம் என்று பெயர். கேடயத்தின் அறைகளுக்குள் ஆட்கள் நின்றபடி, முன்னால் இருக்கும் பலகைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் பின்னால் உள்ள மண்ணைக் கொஞ்சம் வெட்டி, பலகையைத் திரும்பப் பொருத்துவார்கள். கேடயம் முன்னே நகரும், பின்னால் செங்கல் கட்டுவார்கள். அப்படியும் 1827-லும் 1828-லும் ஆறு உள்ளே புகுந்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. நானூறு மீட்டர்கூட இல்லாத அந்தச் சுரங்கம் 1843-இல்தான் திறக்கப்பட்டது. 1869 முதல் அதில் ரயில் ஓடுகிறது, இன்றும் ஓடுகிறது.

உலகின் முதல் சுரங்க ரயிலும் லண்டனில்தான், 1863 ஜனவரி 10 அன்று, பேடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை. நீராவி எஞ்சின், உள்ளே புகை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு நமக்கு ரயில் வந்தது 1861-62 வாக்கில். ஆக, உலகத்தில் சுரங்க ரயில் ஓடுவதற்கு ஓராண்டு முன்பே டெல்டாவில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1890-இல் லண்டனிலேயே மின்சார எஞ்சினும், வார்ப்பிரும்பு வளையங்களைக் கோத்த வட்டச் சுரங்கமும் சேர்ந்து வந்தன. இன்றைய முறைக்கு விதை அது.

கொல்கத்தா: வெட்டு, கட்டு, மூடு

கொல்கத்தாவில் சுரங்க ரயிலுக்கு 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். மண் என்னவென்றால் மேலே களிமண், கீழே வண்டலும் மணலும், தரைக்குச் சற்றுக் கீழேயே நிலத்தடி நீர். மேலே நெருக்கமான பழைய கட்டடங்கள், டிராம், வருடா வருடம் வெள்ளம். இந்தியாவில் யாருக்கும் இந்த வேலையில் முன்னனுபவம் கிடையாது.

அவர்கள் பெரும்பாலான தூரத்துக்குத் தேர்ந்தெடுத்தது மேலிருந்து தோண்டி மூடும் முறை. சாலையை வெட்டி, பள்ளத்துக்குள் கான்கிரீட் பெட்டி கட்டி, மேலே மண் போட்டு மறுபடி சாலை போடுவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஊற்று மண்ணில் பள்ளத்தின் பக்கங்கள் நிற்காதே? அதற்கு ஓர் அருமையான உபாயம் செய்தார்கள். சாலையின் இரு ஓரங்களிலும் இரண்டு மூன்று அடி அகலத்துக்குக் குறுகலான ஆழமான பிளவு வெட்டுவார்கள். வெட்டும்போதே அதில் பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த குழம்பை நிரப்பிக்கொண்டே போவார்கள். குழம்பு தண்ணீரைவிடச் சற்றுக் கனம். பிளவின் இரு சுவர்களையும் அது வெளிநோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கும், மண் சரியாது. தண்ணீரை இறைக்காதே என்று நம் கொத்தனார் சொன்ன அதே நியாயம். பிறகு கம்பிக்கூட்டைக் குழம்புக்குள் இறக்கி, நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் கனம் அதிகம், அது கீழே நிரம்ப நிரம்பக் குழம்பு மேலே வழிந்து வெளியேறும். கான்கிரீட் இறுகியதும் பூமிக்குள் ஒரு சுவர் தயார். இரு பக்கமும் இப்படிச் சுவர் எழுப்பிவிட்டு, நடுவில் உள்ள மண்ணை எடுத்து, சுவர்கள் உள்ளே சாயாமல் இரும்பு உத்திரங்களை முட்டுக்கொடுத்து, தளமும் கூரையும் போடுவார்கள்.

இதற்கு நகரம் கொடுத்த விலை பெரியது. பணம் விட்டுவிட்டு வந்தது. பூமிக்கடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் இடம் மாற்றுவதிலேயே காலம் போனது. ஆண்டுக்கணக்கில் சாலைகள் பிளந்து கிடந்தன. அந்த நகரத்து மக்களின் பொறுமையை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, ஐந்து நிலையங்களோடு, 3.4 கிலோமீட்டருக்கு முதல் வண்டி ஓடியது. எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், மைதான், ரவீந்திர சதன், பவானிபூர் ஆகியவை அந்த ஐந்து. பவானிபூரின் இன்றைய பெயர் நேதாஜி பவன். ரவீந்திர சதன் நிலையச் சுவர்களில் தாகூரின் கையெழுத்தும் கோட்டோவியங்களும் இருக்கின்றன. ஓடிய பெட்டிகள் நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்தவை. 1986-இல் பாதை டோலிகஞ்ச் வரை நீண்டது. டம்டம் முதல் டோலிகஞ்ச் வரை முழுப் பாதையும் 1995-இல்தான் கூடிவந்தது.

பெரும் சோதனையாக இருந்த துண்டு வடக்கே பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவில் இருந்தது. அங்கே மேலே ஒரு கால்வாயும் ரயில்வே யார்டும். மேலிருந்து வெட்ட வழியில்லை. அந்த இடத்தில் மட்டும் கேடயம் வைத்து, உள்ளே அழுத்தமேற்றிய காற்றை நிரப்பி, காற்றின் பலத்தால் தண்ணீரைத் தள்ளி நிறுத்திக்கொண்டு குடைந்தார்கள். கிணற்றில் தண்ணீர் செய்ததையும் பிளவில் குழம்பு செய்ததையும் இங்கே காற்று செய்தது.

இயந்திரம் செய்யும் உறை

இன்று கேடயம், வளையம், எதிரழுத்தம் மூன்றையும் ஒரே இயந்திரத்துக்குள் அடக்கிவிட்டார்கள். டிபிஎம் என்று செய்தித்தாள்களில் வரும் துளையிடும் இயந்திரம் அதுதான். மெட்ரோ வேலைக்கு வருவது சுமார் ஆறரை மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை. அதன் முகத்தில் பற்கள் பதித்த வட்டத் தட்டு மெதுவாகச் சுழன்று மண்ணைச் சுரண்டும். சுரண்டிய மண் நேராக வெளியே போகாது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடிய அறையில் நிரம்பி நிற்கும். நுரையும் தண்ணீரும் கலந்து அதைக் கூழாக்குவார்கள். அந்த அறையில் இருந்து ஒரு திருகுக் குழாய் மண்ணை வெளியே எடுக்கும். இயந்திரம் முன்னேறும் வேகத்தையும் திருகு சுழலும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் எல்லாம் நடக்கிறது. திருகு வேகமாக ஓடினால் அறையில் அழுத்தம் குறையும், முன்னால் இருக்கும் மண்ணும் நீரும் தேவைக்கு மேல் உள்ளே வரும், மேலே தரை இறங்கும். திருகு மெதுவானால் அழுத்தம் ஏறித் தரை மேலே உப்பும். இயந்திரத்தை ஓட்டுபவரின் கண் நாள் முழுக்க அந்த அழுத்த முள்ளின் மேல்தான் இருக்கும்.

உருளையின் வால்பக்கம் உறை கோக்கும் வேலை நடக்கும். முன்கூட்டியே வார்த்த வளைந்த கான்கிரீட் துண்டுகளை இயந்திரக் கை ஒன்று தூக்கி வட்டமாகப் பொருத்தும். கடைசியில் ஒரு சின்ன ஆப்புத் துண்டு. அதைச் செருகியதும் வளையம் இறுகிவிடும். துண்டுகளின் ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கும். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையில் விழும் இடைவெளியில் சிமென்ட் கலவையை உடனுக்குடன் அடைப்பார்கள். பிறகு நீரழுத்த ஜாக்கிகள் அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு இயந்திரத்தை முன்னே தள்ளும். அடுத்த வளையத்துக்கு இடம் கிடைக்கும்.

இந்த முறையில்தான் 2017-இல் கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் அடியே இரட்டைச் சுரங்கம் போட்டார்கள். ஆற்றுக்குக் கீழே மட்டும் 520 மீட்டர். நாட்டில் ஆற்றுக்கடியில் ஓடும் முதல் மெட்ரோ என்று அதைச் சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் ஹவுரா மைதானம் - எஸ்பிளனேட் பகுதி திறக்கப்பட்டது. அங்கே துண்டுகளுக்கு இடையே வைத்த பட்டைகளில் ஒருவகை தண்ணீர் பட்டால் ஊதிப் பெருகும். கசிவு வந்தால் கசிவே கதவை அடைத்துவிடும்.

ஆற்றைத் தாண்டியவர்களை ஒரு தெரு மடக்கியது. 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜார் பகுதியில் இயந்திரம் நீர் நிறைந்த மணல் அடுக்கு ஒன்றில் மாட்டியது. தண்ணீரும் மண்ணும் உள்ளே கொட்ட, மேலே இருந்த பழைய வீடுகள் வெடித்து, சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு வெளியேற வேண்டியிருந்தது. 2022-லும் அதே பகுதியில் மறுபடி கசிவு. எஸ்பிளனேட் - சியால்டா துண்டு 2025 ஆகஸ்ட்டில்தான் திறந்தது. ஆறு ஆபத்தானது, தெரு பத்திரமானது என்று நாம் நினைப்போம். மண்ணுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆற்றுக்கடியில் இறுக்கமான களிமண் இருந்தால் அதுவே பத்திரம், தெருவுக்கடியில் ஊற்று மணல் இருந்தால் அதுவே ஆபத்து.

சென்னையில் எதைப் பார்க்கலாம்?

சென்னையில் 2015-இல் முதலில் ஓடியது கோயம்பேடு - ஆலந்தூர் மேம்பாலப் பாதை. சுரங்கப் பாதையில் முதல் ஓட்டம் 2017 மே 14 அன்று, திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை, ஏழு நிலையங்கள். 2018 மே மாதம் எழும்பூர் வழியாக சென்ட்ரலைத் தொட்டது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியே சென்று வண்ணாரப்பேட்டை வரை முடிந்தது. சென்னை மண் ஒரே சீராக இல்லை. வடக்கே மணலும் களியும், தெற்கே பாறை. சில இடங்களில் தட்டின் மேல்பாதியில் மண்ணும் கீழ்ப்பாதியில் பாறையும் ஒரே நேரத்தில் வரும். ஓட்டுபவருக்கு இதைவிடச் சிரமம் வேறில்லை. பாறைக்கு வேகம் குறைத்து அரைக்க வேண்டும், அதற்குள் மேலே இருக்கும் தளர்ந்த மண் கூடுதலாக உள்ளே வந்துவிடும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

உழவனிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ விடியற்காலை எழும்பூரில் இறங்குபவர்கள் மெட்ரோ நிலையத்துக்குப் போகும்போது நின்று பார்க்க வேண்டியவை உண்டு. வாசலில் கீழே இறங்குவதற்கு முன்னால் சில படிகள் மேலே ஏற வேண்டியிருக்கும். தெருவில் வெள்ளம் நின்றாலும் உள்ளே வழியாமல் இருக்கத்தான் அந்த உயரம். நிலையம் என்பது கொல்கத்தா முறையில் மேலிருந்து வெட்டிக் கட்டிய நீளப் பெட்டி. அதனால் கூரையும் சுவரும் சதுரம். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் ஜன்னலோரம் கவனித்தால் சுவர் வளைந்திருக்கும், வளையத்துக்கு வளையம் கோடு ஓடும். அங்கே இயந்திரம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டி வடிவ நிலையத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நிலத்தடி நீருக்குள் நிற்கும் வெற்றுப் பெட்டியை நீர் மேலே தூக்கப் பார்க்கும். அதனால் தளத்தைத் தேவைக்கு மேல் கனமாகப் போட்டு, பக்கச் சுவர்களை இன்னும் ஆழத்துக்கு இறக்கி அதைப் பிடித்துவைக்கிறார்கள். நிலையம் இடிந்து விழாமல் இருக்க மட்டுமல்ல, மிதந்து எழாமல் இருக்கவும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் கட்டத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில் வருகிறது. இயந்திரங்களுக்கு மலை, பறவை, ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றின் அடியாகக் குடைய 2023-இல் இறக்கிய இயந்திரத்துக்குப் பெயர் காவிரி. செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

டெல்டாவுக்கு வருமா?

முடியுமா என்று கேட்டால் முடியும். கொல்கத்தாவின் மண் நம் மண்ணைவிட எந்த வகையிலும் சுலபமானது அல்ல. தேவையா என்பது வேறு கேள்வி. பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் போட ஆகும் செலவு மேம்பாலப் பாதையைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். கட்டிய பிறகும் தண்ணீரை இறைக்க, காற்றை மாற்ற, விளக்கெரிக்க என்று மின்சாரச் செலவு நிற்காது. மேலே பாதைக்கு இடமே இல்லை, மணிக்குப் பல ஆயிரம் பேர் ஒரே வழியில் போகிறார்கள் என்றால்தான் இது கட்டுப்படியாகும். தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ அந்த நெருக்கம் மகாமகத்தன்று மட்டும்தான்.

நமக்கு முதலில் வேண்டியது தரைமேல் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஆடுதுறையிலும் பாபநாசத்திலும் வண்டி நிற்கிறது. அதை இரட்டைப் பாதையாக்கினாலே திருச்சிக்கும் சென்னைக்கும் கூடுதல் வண்டி விடலாம். குறுக்கே ஓடும் ஆறுகளில் புதிய பாலங்கள் கட்ட வேண்டும், தூண்களை மணலில் ஆழமாக இறக்க வேண்டும். அந்த வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல.